சித்தப்பா வாங்கப் பார்த்த ட்ரஃபிள் காடு

ட்ரஃபிள் என்றதும் உங்களுக்கு கேக் கடைதான் ஞாபகம் வருதா? எனக்கும் போன மாதம் வரை அப்படித்தான். நான் சொல்லப்போவது அதில்லை மக்களே. இது மண்ணுக்கடியில் ஓக் மர வேரை ஒட்டி வளரும் கருப்புக் காளான். பார்த்தால் கரிக்கட்டை மாதிரி இருக்கும். பிரான்ஸில் கடை விலை கிலோ 1000 யூரோவைத் தாண்டுவதும் உண்டு.

எங்க சித்தப்பா இருபது வருஷமா துலூஸில் வேலை பார்க்கிறார். வயசு 52. ஆகஸ்ட் லீவில் வடக்கே கஓர் பக்கம் சுற்றப் போனவர் ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கார். காட்டுக்குள் பழைய கல் வீடு, 3 ஹெக்டேர் நிலம், பாதியில் ட்ரஃபிள் ஓக் மரங்கள். சனி ஞாயிறு அமைதிக்கு அமைதி, கூடவே வருமானமும் வருமாம். போய்ப் பார்த்தார், பிடிச்சுப் போச்சு. செப்டம்பரில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டுட்டார். அப்புறம்தான் எனக்கு போன். "ஒரு எக்ஸல் ஷீட் போட்டுக் கொடும்மா, வருமானக் கணக்கு. சித்திகிட்ட காட்டணும்."

பிளஸ் டூவில் நான் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. இதைப் படிக்கிற பாதிப் பேரும் அப்படித்தானே? அந்த அரைகுறை பிரெஞ்சும் ட்ரான்ஸ்லேட்டரும் துணைக்கு இருக்க, நாலு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குக்கூட இவ்வளவு படிச்சதில்லை.

இந்தக் காளானுக்கு ட்யூபர் மெலனோஸ்போரம் என்று பேர். மரத்து வேர் நுனியில் ஒட்டிக்கும். மரம் இதுக்குச் சர்க்கரை கொடுக்கும், இது மரத்துக்குத் தண்ணியும் தாதுவும் இழுத்துக் கொடுக்கும். சுண்ணாம்பு மண் வேணும், பிஎச் 8 பக்கம் இருக்கணும். 2010ல் இதோட ஜீனோமைப் படிச்சு வெளியிட்டாங்க. அதிலிருந்து தெரிஞ்சது என்னன்னா, இதில் இரண்டு ரகம் உண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் காய்க்கும். காளான் பிடிச்ச மரத்தைச் சுற்றி புல் கருகி ஒரு வட்டம் விழும். அந்த வட்டம் இருந்தாலும் கீழே காய் இருக்கும்னு கேரண்டி கிடையாது. காளானை வேரில் ஏற்றிய நாற்றை 1970களிலிருந்து விற்கிறாங்க. இன்னைக்கு நட்டால் முதல் காய் பார்க்க 5 வருஷம், சில சமயம் 10 வருஷம்கூட ஆகும். அதுவும் ஜூலை ஆகஸ்ட்டில் மழை பெய்திருக்கணும்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதன் வரலாறுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வந்து திராட்சைத் தோட்டங்களை அழிச்சது. காலியான சுண்ணாம்பு நிலத்தில் ஓக் நட்டாங்க. 1900 வாக்கில் பிரான்ஸில் வருஷத்துக்கு 1000 டன் வரை எடுத்ததாகச் சொல்வாங்க. இப்போ சில பத்து டன்தான். முதல் உலகப் போரில் கிராமத்து ஆண்கள் ஏராளமா செத்தாங்க, மிச்சம் பேர் மெல்ல நகரத்துக்குப் போனாங்க. கிளை கழிக்கவும் ஆடு மேய்க்கவும் ஆள் இல்லாமல் மரங்கள் அடர்ந்து தரையில் வெயில் விழாமல் போச்சு. இந்தக் காளானுக்கு அது ஆகாது. அப்போ விளம்பரத்தில் சொன்ன 'சனி ஞாயிறு அமைதி' என்ன கணக்கு? மரம் கழிக்க, களை எடுக்க, நாய் பழக்க, டிசம்பரிலிருந்து மார்ச் வரை திருடன் வராமல் பார்த்துக்க, அங்கேயே ஒரு ஆள் இருந்தாகணும்.

எக்ஸல்ல செலவு வரிசை மடமடன்னு நிரம்பிடுச்சு. பழைய வீடு என்பதால் நோட்டரி செலவு மட்டுமே விலையில் 7, 8 சதவீதம். செப்டிக் டேங்க் சோதனை, ஓட்டுக்கூரை, கிணறு. வருமான வரிசையில் போட ஒரு நம்பர் கிடைக்கலை. ஏன்னா அந்த மரங்களுக்கு நாற்று வாங்கிய ரசீது இல்லை, பழைய அறுவடைக் கணக்கும் இல்லை. கீழே இருப்பது ட்யூபர் ப்ரூமாலே என்ற மட்டமான தங்கச்சி ரகமாகவும் இருக்கலாம். சித்தப்பா பார்த்ததோ ஆகஸ்ட்டில். கருப்பு ட்ரஃபிள் பழுப்பது குளிர்காலத்தில். ஜனவரியில் நாயோடு நடந்து பார்க்காமல் இந்த நிலத்துக்கு விலை பேசவே கூடாது என்பது என் கட்சி.

(இத்தாலியில் வாங்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு விஷயம். அங்கே 1985 சட்டப்படி, லைசென்ஸ் உள்ளவர் உங்க காட்டில் நுழைந்து ட்ரஃபிள் தோண்டலாம். முறைப்படி ட்ரஃபிள் தோட்டம்னு போர்டு வைத்திருந்தால்தான் அது உங்களுடையது. பிரான்ஸில் அந்தத் தொல்லை இல்லை, நிலத்துக்காரருக்கே சொந்தம்.)

நல்லவேளையா பிரெஞ்சு சட்டத்தில் ஒரு வழி இருக்கு. வீடு வாங்குகிறவர் ஒப்பந்தம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், கட்டிய முன்பணமும் திரும்பி வந்துடும். நான் ஷீட்டை அனுப்பியது ஆறாம் நாள்.

அனுப்பும் முன்னாடி ஆயாவிடம் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் எங்க வீட்டில் எதுவும் மறையாது. முத்தியால்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கிட்டு நிற்கும். சின்னவன் வந்து மேலே ஒரு மாடி எடுப்பான்னு தாத்தா விட்டுட்டுப் போனது. துரு ஏறிப்போச்சு. இப்போ அதில் துணிக்கொடி கட்டியிருக்கு. "55ல் வந்துடுறேம்மா" என்பது சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் சொல்வது. 52ல் ஓக் நடுகிறவர் 55ல் எப்படி வருவார்? ஷீட் முழுக்க நான் போட்ட வருஷக் கணக்கில் எனக்குக் கண்ணை உறுத்தினது இதுதான். அவரிடம் அதைச் சொல்லலை. வீடு, நாய், குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் லால்பெங்க் ஊரில் கூடும் ட்ரஃபிள் சந்தை என்று அவர் பேசும்போது குரலே மாறுது. இருபது வருஷத்தில் அவர் தனக்காகக் கேட்ட முதல் விஷயம் இதுவாக இருக்கும்னு தோணுச்சு.

எட்டாம் நாள் பதிவுத் தபால் அனுப்பி விலகிட்டார். மொத்தமா விடலை. ஜனவரியில் நாயோட வாங்க, பார்த்துட்டு மறுபடி பேசலாம்னு விற்கிறவர் சொல்லியிருக்கார்.

ஆயாவிடம் அதைச் சொன்னேன். வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "நாய் ஒண்ணும் மோப்பம் பிடிக்கலைன்னா வந்துடுவானா?"

தெரியலை ஆயா என்றேன். கொடியில் காய்ந்த துணியை எடுத்துட்டு வரச் சொன்னாங்க, மழை வர்ற மாதிரி இருந்தது.