துவளும் கம்பி

புதுக்கவிதை விமர்சனத்தில் 'இறுக்கம்' என்பதை நாம் இறுதித் தீர்ப்பாகவே புழங்குகிறோம். ஸ்டார் என்ற பந்தயப் பாய்ப்படகைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அச்சொல்லின் மீது சந்தேகம். 1932 முதல் 2012 வரை, 1976 நீங்கலாக, ஒலிம்பிக்கில் ஓடிய படகு அது. கரையில் பாய்மர உச்சியிலிருந்து இருபுறமும் அளந்து, பக்கக் கம்பிகளைச் சமமாக முறுக்குகிறார்கள். பைசா பிசகாமல் கணக்கை நேர்செய்யும் என் போன்ற வங்கிக் குமாஸ்தாவுக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் காற்றை எதிர்த்து ஓடுகையில், காற்று வரும் பக்கத்துக் கம்பி பாரத்தைத் தாங்க, மறுபக்கத்துக் கம்பி துவள்கிறது. அந்தத் துவளலையும் மரத்தின் வளைவையும் பார்த்தே மறுபடி திருத்துகிறார்கள். நாமோ கவிதையைக் கரையில் நிறுத்தி, எல்லா வரியும் ஒரே இறுக்கமா என்று தட்டிப் பார்க்கிறோம். எந்த வரி தாங்குகிறது, அதற்காக எது துவள்கிறது என்பது ஓட்டத்தில்தான் தெரியும். மதிப்புரைக்கு வரும் தொகுப்பை நான் உரக்கப் படிப்பது இதற்காகத்தான்.