மார்கழியில் ஒரு நண்பகல்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் யான் வீட்டில் தங்குவது அரிது. விடியலில் மாட வீதிகளில் பசனை. நண்பகலில் ஏதேனும் ஒரு சபாவில், கட்டணமின்றிக் கேட்கும் இளங்கலைஞர் கச்சேரி. 1927ஆம் ஆண்டு திசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபோது நடந்த இசை மாநாட்டின் பயனாக, மறு ஆண்டு சங்கீத வித்வத் சபை தோன்றியது. இன்றோ தியாகராய நகர், அடையாறு எங்கணும் இசையரங்குகள்! சிலர் சிற்றுண்டிக்காகவே வருகின்றனர். அதனை யான் குறை கூறேன்.

கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்த தமிழ்ப் பாடலுக்கு ஏற்றம் தேடியே 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. இன்று இளைஞர் பலர் தமிழை விரும்பிப் பாடுகின்றனர். ஆயினும், சொல்லை இடமறியாது முறித்தால் பொருள் என்னாவது?

சென்ற ஆண்டு ஒரு சபாவில் இளம்பெண் ஒருத்தி தேவாரம் பாடினாள். இனிய குரல். ஆனால், மூச்சு வாங்கிய இடத்தில் 'தாமரை' என்னும் சொல் 'தா, மரை' என இரண்டாயிற்று. மரை என்பது மானினத்துள் ஒன்று. மலர் மறைந்து விலங்கு வந்து நின்றது! மகிழ்ந்திருக்கும் குழந்தையிடம் குறை கூறலாமா எனத் தயங்கியே மேடையருகே சென்றேன், கூறினேன். அவள் முகம் வாடிற்று. யான் நாணி நின்றேன்.

"ஐயா, அங்கே மூச்சு வாங்காமல் வேறு எங்கே வாங்குவது?" என்றாள்.

நாற்பதாண்டு யாப்பிலக்கணம் கற்பித்தவன் யான். அதற்கு விடை அறியேன். வெற்று நாற்காலிகளிடையே அமர்ந்தோம். அவள் பாட, யான் சீர்களை விரலில் எண்ணினேன். மூன்றாம் முறையில், முந்திய சொல்லின் ஈற்றில் இடம் கிடைத்தது. அதற்குள் அடுத்த கச்சேரிக்கு மிருதங்கம் சுருதி சேரத் தொடங்கிற்று. எழுந்து வெளியே வந்தோம்.