மரத்துப்போன கால் பேசாது

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஆயா ஒருவர் விழுந்தார். வயது 72. தறிக்கு நூல் தார் சுற்றிவிட்டுப் பின்கட்டுக்குப் போனவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டார். அவர் கூப்பிட்டது, தறியை நிறுத்திய பிறகுதான் மகன் காதில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது.

முதலில் கட்டுப் போடுகிற இடத்துக்குத்தான் தூக்கிப் போனார்கள். முட்டைப் பற்று, மூங்கில் பத்தை என்று இரண்டு நாள் போய்விட்டது. இடுப்பைச் சுற்றியுள்ள பெரிய தசைகள் உடைந்த எலும்பை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே போடும் எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு முறிவோடு வந்தவருக்குச் சேர்ந்த அன்றே அல்லது மறுநாளே அறுவை செய்யச் சொல்கிறது. படுத்த படுக்கையாகப் போகும் ஒவ்வொரு நாளும் முதியவருக்கு நெஞ்சுச் சளி, படுக்கைப்புண் என்று ஆபத்தைக் கூட்டும். எனக்கு அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் ஆற்றுப் பாலம் தாண்டி ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் காலை, ஆயாவும் மகனும் சம்மதிக்க, மருத்துவரின் அனுமதியோடு ஈய அங்கி மாட்டிக்கொண்டு தியேட்டருக்குள் நின்றேன். கத்தி வைப்பதற்கு முந்தைய நேரத்தைப் பார்க்கத்தான் போனேன்.

முதுகில் ஊசி போட வேண்டுமென்றால் ஆயா எழுந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் ஒருக்களித்து வளைய வேண்டும். உடைந்த இடுப்போடு இரண்டுமே உயிர் போகிற வலி. அதனால் மயக்க மருத்துவர் தொடை இடுக்கின் கீழே, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, நரம்புக்கு அருகே மரப்பு மருந்தைச் செலுத்தினார். இருபது நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். “இப்ப எந்திரிச்சு உக்கார்றீங்களாங்க ஆயா?” தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். முகம் சுளிக்கவில்லை.

முதுகில் போட்ட ஊசி வேலை செய்ததும் அவர் உடம்பு இரண்டாகிவிட்டது. மேல்பாதி எல்லாம் பேசும். கீழ்பாதிக்கு எரிந்தாலும் தெரியாது. அதற்குப் பிறகு அங்கிருந்தவர்கள் செய்ததெல்லாம் அந்தக் கீழ்பாதிக்குப் பதிலாக வலியை உணர்வதுதான்.

நான்கு பேர் சேர்ந்து அவரை, காலை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் மேசைக்கு மாற்றினார்கள். கால்களுக்கிடையே ஒரு கம்பம். காலை இழுக்கும்போது உடம்பும் சேர்ந்து கீழே வராமல் தடுப்பது அதுதான். அதன்மேல் தடிமனாகப் பஞ்சுறை. மெல்லிய கம்பமாக இருந்தாலோ, இழுப்பு மிஞ்சினாலோ, நீண்ட நேரம் நீடித்தாலோ பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பு நசுங்கி அங்கே உணர்ச்சி மங்கிவிடும். பெரும்பாலும் நாளடைவில் திரும்பிவிடுமாம். ஆனால் நம் ஊர்ப் பாட்டிகளில் யார் இதை வாய்விட்டு மருத்துவரிடம் சொல்வார்கள்? சொல்ல முடியாத கஷ்டத்தை வராமல் தடுப்பது ஒன்றே வழி.

குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் பஞ்சு சுற்றிப் பாதத்தைப் பூட்ஸில் கட்டினார்கள். டெக்னீஷியன் திருகைச் சுற்றச் சுற்றக் கால் நீண்டது. பாவு இழுத்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு விரல்கள் தாமாக இறுகின. பிறகு காலை மெல்ல உட்பக்கம் திருப்பினார்கள், முழங்கால் சில்லு கூரையைப் பார்க்கும்வரை. சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரே கருவியின் திரையில் விலகியிருந்த இரண்டு எலும்புத் துண்டுகளும் நெருங்கி வந்தன. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். “இன்னும் கொஞ்சம் உள்ள திருப்புங்க” என்றார் அறுவை மருத்துவர். எலும்பு இங்கேயே சரியாக உட்காராவிட்டால், முறிவைப் பிடித்து நிறுத்த எலும்புக்குள் போகும் ஆணியால் அதைச் சரிசெய்துவிட முடியாது.

மேலுடம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் வளைத்தார்கள். அப்போதுதான் தொடை எலும்பின் உச்சியில் ஆணி இறங்க வழி கிடைக்கும். வலது கையை மடக்கி நெஞ்சின் மேல் வைத்து, முழங்கைக்குக் கீழே மெத்தை கொடுத்தார்கள். “தோள்பட்டை வலிக்குதுங்களா ஆயா?” “இல்ல கண்ணு, குளுருது.” உடனே சூடான போர்வை வந்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது நல்ல கால்தான். சி-ஆர்ம் நுழைவதற்காக அதை ஒதுக்க வேண்டும். சில இடங்களில் உயரத் தூக்கி வளையத்தில் மாட்டுவார்கள். நெடுநேரம் அப்படியிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து கெண்டைக்கால் தசை உள்ளுக்குள் வீங்கி இறுகிவிடும் அபாயம் உண்டு. இங்கே தூக்கவில்லை, நீட்டியபடியே தாழ்த்தி ஒதுக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் சிறு எலும்பு மேட்டில் எதுவும் படாதபடி ஒரு நர்ஸ் விரல் விட்டுப் பார்த்தார். அங்கே தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. நசுங்கினால் பாதம் தொங்கிவிடும்.

எல்லா இடுப்பு முறிவுக்கும் இதே ஏற்பாடு இல்லை. ஆயாவுக்கு உடைந்தது தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே. கழுத்தே உடைந்து, அதன் மேலிருக்கும் பந்து போன்ற தலையை மாற்றுவதென்றால், பல இடங்களில் இந்த மேசை வேண்டாம்; ஒருக்களித்துப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் தாங்கிகளால் இடுப்பை நிறுத்துவார்கள். இடுப்பு சாய்ந்தால் புதிய பந்தைப் பொருத்தும் கோணக் கணக்கே தவறிவிடும்.

அறுவையின் கடைசித் திருகு எலும்பில் இறங்கி, கட்டுகளை அவிழ்த்ததும் நர்ஸ் இரண்டு குதிகால்களையும் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

சாயங்காலம், மரப்பு போன பிறகு மருத்துவர் வார்டுக்கு வந்தார். இடது காலைத் தொட்டு, “இந்தக் கட்டைவிரலை மேல தூக்குங்க ஆயா” என்றார்.

“அது நல்ல காலு கண்ணு.”

“அதைத்தாங்க ஆயா முதல்ல பாக்கணும்.”

விரல் மேலே எழுந்தது.