கோட்டை வாயிலில் மோட்டார்க் கடைகள்

டில்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர் குடும்பங்களுக்கு அரிசி, புளி, காப்பிப்பொடி முதலியவற்றிற்கு வழி தேடிக்கொள்ள அதிக நாள் பிடிப்பதில்லை. கரோல்பாகிலும் முனீர்காவிலும் ஆர். கே. புரத்திலும் அவற்றிற்கெனக் கடைகள் உண்டு. வந்த முதல் வாரத்திலேயே அண்டை வீட்டு மாமி சொல்லிவிடுவார். கார் பழுதுபட்டால்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஊரில் இருந்தவரை குடும்ப வைத்தியரைப்போல ஒரு மெக்கானிக் இருந்தார். வண்டியின் இருமலைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குச் சென்றால், கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, நீண்டதொரு பட்டியலைக் கையில் தருகிறார்கள். தெருவோரத்து மிஸ்திரியிடம் சென்றால் பட்டியலே கிடையாது. வாயில் வந்ததே விலை. இவ்விரண்டிற்கும் நடுவே நியாயமான வழி ஒன்று உண்டா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்றே சொல்வேன். அது காஷ்மீரி கேட் வழியாகச் செல்கிறது.

ஷாஜஹான் பாதுஷா நிர்மாணித்த நகரின் வடமதிலில், காஷ்மீரத்தை நோக்கிச் செல்லும் சாலைக்கென அமைந்த வாயில் இது. இரட்டை வளைவுகள் கொண்டது. 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்து உள்ளே புகுந்ததும் இவ்வாயில் வழியாகத்தான். குண்டு பட்ட வடுக்களை இன்றும் காணலாம். சற்றுத் தள்ளிக் கர்னல் ஸ்கின்னர் கட்டுவித்த ஸென்ட் ஜேம்ஸ் தேவாலயம் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கிறது. ஒரு காலத்தில் துரைமார்கள் சாமான் வாங்கிய கடைவீதி இது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள் பல இங்கே மோட்டார்ச் சாமான் வியாபாரத்தில் ஊன்றிக்கொண்டன. இப்பொழுது மெட்ரோ ரயிலின் சிவப்பு, மஞ்சள், ஊதா ஆகிய மூன்று பாதைகளும் சந்திக்கும் நிலையத்திலிருந்து வெளியேறினால், சில நிமிஷ நடையில் ஸைலன்ஸர்களைச் சுமந்து செல்லும் கைவண்டிகள் நம்மை வழிமறிக்கின்றன.

ஒரு கடையில் பேரிங் மட்டும். அடுத்ததில் காஸ்கெட் மட்டும். அதற்கடுத்ததில் விளக்குகளும் பக்கக் கண்ணாடிகளும். ரப்பர்க் குழாய்களையே பாம்பாட்டியைப்போலச் சுற்றித் தொங்கவிட்டிருக்கும் கடையும் உண்டு. கடைக்காரரிடம் போய் "பிரேக் சாமான் கொடுங்கள்" என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பரைக் காட்டினால் மரியாதை வேறு. அதைக்கொண்டே இன்ன வருஷத்து இன்ன மாதிரி வண்டி என்று கண்டு, உறுப்பின் எண்ணைச் சொல்லிவிடுவார். பழைய உறுப்பையே கழற்றிக் கையோடு கொண்டு செல்லக் கூடுமானால் இன்னும் விசேஷம்.

இங்கே நம்மவர்க்கு முதலில் தடுமாற்றம் தருவது உறுப்புகளின் பெயர்கள் அல்ல. அவை எல்லா ஊரிலும் ஆங்கிலந்தான். விலை சொல்லும் ஹிந்தியே தடுமாற வைக்கிறது. ஏக், தோ, தீன் என்று நூறுவரை மனப்பாடம் செய்தவரும் "டேட் ஸௌ" என்றால் விழிப்பார். அது நூற்றைம்பது. "டாயி ஸௌ" இருநூற்றைம்பது. "ஸவா ஸௌ" நூற்றிருபத்தைந்து. "பௌனே தோ ஸௌ" நூற்றெழுபத்தைந்து. "ஸாடே தீன் ஸௌ" முந்நூற்றைம்பது. ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று நாமும் சொல்கிறவர்கள்தாமே. கணக்கு ஒன்று, ஒலிதான் வேறு. இந்த ஐந்து சொற்களைக் கற்றுக்கொண்டு போகிறவர் பேரத்தில் பாதியை வாசற்படியிலேயே முடித்துவிடுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

ஒருமுறை இங்கே ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரின் உறுப்பு வாங்கிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபொழுது, சென்னை என்று அச்சாகியிருந்தது. வியப்பதற்கொன்றுமில்லை. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., அதற்கு மறு வருஷம் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா முதலிய தொழிற்சாலைகள் பாடியில்தானே இருக்கின்றன! 2,000 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்த நம்மூர்ச் சாமானை, நம்மூரிலிருந்து வந்த நாம் பஞ்சாபிக் கடைக்காரரிடம் ஹிந்தியில் பேரம் பேசி வாங்குகிறோம்.

இந்தப் பெட்டியில்தான் விலையின் ரகசியமும் அடங்கியிருக்கிறது. கார்க் கம்பெனிகள் எல்லா உறுப்புகளையும் தாமே செய்வதில்லை. பிரேக், கிளட்ச், பல்பு, வடிகட்டி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்து வருகிறது. பல உறுப்புகள் கார்க் கம்பெனியின் பெட்டியிலும் கிடைக்கும், செய்தவரின் சொந்தப் பெட்டியிலும் கிடைக்கும். இரண்டாவது பெட்டி பெரும்பாலும் மலிவு. இவ்வாறு வெளிச்சந்தையில் கிடைப்பதற்கு முட்டுக்கட்டை இருந்ததும் உண்மை. உதிரி உறுப்புகளையும், பழுது பார்க்கும் கருவிகளையும் குறிப்பேடுகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்னும் ஒரே காரணத்திற்காக உத்தரவாதத்தை அடியோடு ரத்து செய்யலாகாது என்றும் கூறியது. மேல்முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன. அது பெரிய கதை. ஆனாலும் உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பெனிப் பணிமனைக்கே செல்வது உசிதம். சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, அதற்காக வக்கீல் வீட்டிற்கு நடப்பது வேறு.

கடைக்காரர் முதலில் கேட்பது, "கம்பெனி மால் வேண்டுமா, லோக்கல் மால் வேண்டுமா?" என்பதே. இது நாணயமான கேள்வி. மண்காப்புத் தகடு, மிதியடி, பக்கக் கண்ணாடியின் மேலோடு இவற்றிற்கெல்லாம் லோக்கலே போதும். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அதைப்பற்றி யாரும் கேட்பதில்லை. கம்பெனிப் பெட்டியில் அடைத்த லோக்கல் சரக்கு அது. அஸ்லியையும் நக்லியையும் ஒரே பார்வையில் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் எளிதன்று. பெட்டியில் அதிகபட்ச விலை, உறுப்பின் எண், தயாரித்த மாதமும் வருஷமும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சிட்ட விலையிலிருந்து ஓரளவு குறைத்துத் தருவது இச்சந்தையின் வழக்கம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுவதே முறை. பிரேக், ஸ்டியரிங், சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகள் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பின் ஆசனத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஆக்ரா சாலையில் போகிற வண்டி இது.

"பக்கா பில்" வேண்டுமென்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். பில் இல்லாவிட்டால் வரியளவு குறையும் என்பார்கள். அந்த வரியும் முன்போல் இல்லை. பல உறுப்புகளுக்கு 28 சதவிகிதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா மோட்டார் உறுப்புகளுக்கும் 18 ஆயிற்று. பில் இருந்தால்தான் சாமானைத் திருப்பித் தரவோ, தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்குப் புகார் செய்யவோ நமக்கு வலு உண்டு.

பழைய உறுப்புகளுக்கு மாயாபுரி என்று நண்பர்கள் சொல்வார்கள். சென்னையில் புதுப்பேட்டையை அறிந்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. கதவு, பம்பர், முகப்பு விளக்கு எல்லாம் மலைபோலக் குவிந்திருக்கும். அங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது: இது யாருடைய வண்டியின் கதவு? தலைநகரில் ஆண்டுதோறும் பல்லாயிரம் வண்டிகள் திருடுபோகின்றன. அவற்றில் எத்தனையோ உறுப்பு உறுப்பாகப் பிரிந்து விடுகின்றன. திருட்டுப் பொருளென்று தெரிந்தும் வாங்குவது பாரதிய நியாய ஸன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். எங்கிருந்து வந்ததென்று கேளாமல் வாங்குவதன் விபரீதத்தை மாயாபுரியே 2010-இல் கண்டது. பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் கழித்த கருவியைப் பிரித்தபொழுது அதனுள்ளிருந்த கோபால்ட் கதிர்வீச்சு தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். விற்பவரின் பெயரும் கழித்த வண்டியின் விவரமும் கொண்ட ரசீது கிடைத்தாலன்றி, பழைய சந்தைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உறுப்பை வாங்கியாயிற்று, பொருத்துபவர் யார்? நம் பேட்டையிலுள்ள மிஸ்திரியேதான். ஆனால் அவருக்கு உறுப்பு விற்பனையில் வரும் சொற்ப லாபத்தை நாம் பறித்துவிட்டோம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஆகவே கூலியை முன்கூட்டியே தனியாகப் பேசி, வழக்கத்திற்குச் சற்று அதிகமாகவே கொடுத்துவிடுவது தர்மம். கூலி நியாயமாகக் கிடைக்கிறதென்று தெரிந்தால், "இது இன்னும் ஒரு வருஷம் ஓடும், மாற்றவேண்டாம்" என்று சொல்ல அவருக்கும் மனம் வரும். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; மாற்றினாரா என்பதும் தெரியும், அடுத்த முறை கடையில் காட்டவும் உதவும்.

ஞாயிற்றுக்கிழமை காஷ்மீரி கேட் கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமை கூட்டம் நெரியும். அலுவலகத்தில் அனுமதி பெற்று வாரநாள் முற்பகலில் போனால் கடைக்காரருக்கும் நின்று பேச நேரமிருக்கும். வாங்கியவுடன் பெட்டியைக் கடை வாசலிலேயே திறந்து, பழைய உறுப்பின் பக்கத்தில் வைத்துத் துளைகளை எண்ணி, கம்பியின் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அந்த இடத்திலேயே வேறு எடுத்துத் தருவார். மறுநாள் கொண்டுபோனால் பேச்சே வேறாக இருக்கும்.