கேம்பிரிட்ஜ் திருத்தாத பேப்பர்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரல. போன சனிக்கிழமை செங்காங்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஓ லெவலுக்குப் படிக்கிறா. கணக்கு, பிசிக்ஸ் எல்லாத்துக்கும் டியூஷன். தமிழ்ப் புத்தகம் மட்டும் அலமாரியில தூங்குது. கேட்டா, "தமிழ்தானே மாமா, அது கேம்பிரிட்ஜ் பேப்பர் இல்லையே!" என்கிறாள்.

சொன்னது சரிதான். பாடத்திட்டம் சிங்கப்பூருடையது என்றாலும், பெரும்பாலான பாடங்களுக்குத் தேர்வு கேம்பிரிட்ஜோடு சேர்ந்துதான் நடக்கிறது. பிரிட்டிஷ்காரன் காலத்துப் பழக்கம். தாய்மொழிப் பாடங்களுக்கு மட்டும் கேள்வி, திருத்தம் எல்லாமே உள்ளூரில்தான்.

வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்திலேயே ஓ லெவலைத் தூக்கிட்டு 1988-ல ஜி.சி.எஸ்.இ. கொண்டு வந்துட்டாங்க. இங்கே அந்தப் பேர் அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடியது. 2018-ல 32 பசங்களோட ஏ மேத்ஸ் விடைத்தாள்கள் அங்கே திருத்துறவர் ரயிலில் போகும்போது தொலைஞ்சே போச்சு. எழுதினது சிங்கப்பூரில், தொலைஞ்சது இங்கிலாந்தில்!

கரீபியன் தீவுகளும் ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜை நம்பியிருந்தவைதான். 1972-ல சேர்ந்து சொந்தமா ஒரு தேர்வு வாரியம் ஆரம்பிச்சு, 1979-ல முதல் தேர்வையும் நடத்திட்டாங்க. சிங்கப்பூருக்கு முடியாதா என்ன? ஆனா அந்த முத்திரை இருந்தா வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் யாரும் விளக்கம் கேட்க மாட்டாங்க. சின்ன நாட்டுக்கு அது பெரிய விஷயம்.

அக்கா பொண்ணைத் திட்டலாம்னு வாயைத் திறந்தேன். முடியல. நான் ஸ்டேட் போர்டு. வேலை நல்லாத் தெரிஞ்சும், காசு கட்டி ஒரு வெளிநாட்டு சர்டிபிகேட் வாங்கின பிறகுதான் ரெஸ்யூமைத் தைரியமா நீட்டினவன். அந்த சர்டிபிகேட்டால புதுசா எதுவும் கத்துக்கல. பயம்தான் போச்சு. முத்திரை நம்மளை மத்தவங்க நம்பறதுக்குன்னு நினைக்கிறோம். பாதி நேரம் நம்மளை நாமே நம்பறதுக்குத்தான் தேவைப்படுது.

"உன் தமிழ் பேப்பரைத் திருத்தப் போறது இங்கேயே இருக்கிற ஒருத்தர்தான். நீ தப்பு பண்ணினா அவருக்கு நல்லாவே தெரியும்"னு மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சா. "அப்ப அதுதான் கஷ்டமான பேப்பர்"னு முனகிக்கிட்டே அலமாரியைத் திறந்தா :-)

பி.கு: 2027-லிருந்து ஓ லெவல், என் லெவலுக்குப் பதிலா எஸ்.இ.சி. அதன் முழுப் பேரிலும் 'சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ்' இருக்கு!