ஆயிரம் குன்றுகளின் நாட்டிலே

ருவாண்டாவின் தலைநகராகிய கிகாலியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டால், சுமார் 20 மைலில் நியாமாத்தா என்னும் சிற்றூர் வந்துவிடுகின்றது. வழியெங்கும் செம்மண், சரிவுகளிலே வாழைத் தோட்டங்கள், தாழ்நிலத்திலே நியாபரொங்கோ ஆறு, அதனருகே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கோரைப் புதர்கள். நாம் சென்றது ஏப்ரல் மாத மழைக்காலம். ஆயிரம் குன்றுகளின் நாடு எனப் பெயர் பெற்ற அந்நாடு, பரப்பில் இலங்கையின் பாதியளவுகூட இல்லை. அதன் எழிலை எழுதும் எண்ணத்துடனேயே குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் சென்றோம். ஆயின், எமது வண்டிச் சாரதி அக்கோரைப் புதர்களைச் சுட்டி, "அதற்குள்ளேதான் மக்கள் வாரக்கணக்காக ஒளிந்திருந்தார்கள்" என்றார். எழுத நினைத்த பொருள் அத்துடன் மாறிற்று.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆந் திகதி தொடக்கம் ஏறத்தாழ 100 நாட்களில், 8 இலட்சம் முதல் 10 இலட்சம் வரையான மக்கள் அந்நாட்டிலே கொல்லப்பட்டனர் என்பர். மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் துட்சி மக்கள். படுகொலையை எதிர்த்த ஹூட்டு மக்களும் தப்பவில்லை. கொன்றவர்களோ பல இடங்களில் அடுத்த வீட்டார். நியாமாத்தாவின் தேவாலயத்திலே அடைக்கலம் புகுந்தோர் அங்கேயே மாண்டனர். இன்று அது நினைவகம். 2023இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கூரையிலுள்ள துளைகளினூடே வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுகின்றது. அங்கு நாம் நெடுநேரம் நிற்கவில்லை; நிற்க இயலவில்லை என்பதே உண்மை.

நாம் தேடிச் சென்றது உயிருடன் இருப்போரை. அவ்வூரில் உளவளத்துணை செய்யும் அம்மையார் ஒருவர் எமக்காகக் காத்திருந்தார். அவர் மருத்துவரல்லர், கமம் செய்பவர். பயிற்சி பெற்று, தம் அயலவரின் துயரைக் கேட்கும் பணியை மேற்கொண்டிருப்பவர்.

இத்தகையோரைப் பயிற்றவேண்டி வந்த காரணம் எளிதில் விளங்கும். படுகொலைக்குப் பின்னர், நாடு முழுமைக்கும் ருவாண்டாவினரான மனநோய் மருத்துவர் ஒருவரே இருந்தார். அவர் பெயர் நாசோன் முன்யாந்தமுட்சா. ஜெனீவாவிலே பயின்றுகொண்டிருந்த அவர், தம் குடும்பத்தார் பலரை இழந்த நிலையில் நாடு திரும்பி, 2016இல் காலமாகும் வரை இப்பணியிலேயே ஈடுபட்டிருந்தார். ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பது? வெளிநாட்டு நிபுணரும் வந்தனர். அவர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. எனினும், மொழிபெயர்ப்பாளர் வாயிலாக ஒரு தாயின் புலம்பலைக் கேட்பது எங்ஙனம்?

அம்மக்களிடம் இந்நோய்க்கு ஒரு சொல் உண்டு: 'இஹஹாமுகா'. நுரையீரல் இல்லாதொழிதல் என்பது அதன் பொருள். அச்சத்தால் மூச்சற்றுப் போகும் நிலையை இதனினும் பொருத்தமாகக் கூறும் சொல் எந்த மருத்துவ நூலில் இருக்கப் போகின்றது? ஆண்டுதோறும் ஏப்ரலில் நினைவு நாட்கள் தொடங்கும்போது, கூட்டத்தின் நடுவே சிலர் அலறி வீழ்வர்; சிலர் கொலைஞர் துரத்துவதாக எண்ணி ஓடுவர். பயிற்றப்பட்ட தொண்டர்கள் அவர்களை ஒதுக்கிடத்துக்கு அழைத்துச் சென்று, அருகிருந்து, மெல்ல மூச்சு விடச் செய்வர்.

"பயிற்சியில் உங்களுக்குக் கடினமாயிருந்தது யாது?" என வினவினோம்.

"ஒரு சொல்லைச் சொல்லாதிருப்பது" என்றார் அம்மையார். துயருற்றோரைக் கண்டால் அங்கே 'இஹங்கானே' என்பர். பொறுத்துக்கொள் என்பது பொருள். நம் ஊர்ச் செத்த வீடுகளிலும் "மனதைத் தேற்றிக்கொள்" என்றுதானே சொல்கின்றோம்! அன்பினால் பிறந்த சொல்தான். ஆயின், அது சொல்ல வந்தவரின் வாயை அடைத்துவிடுகின்றது. அதனை அடக்கிக்கொண்டு மௌனமாயிருக்கப் பழகத் தமக்குப் பல மாதங்கள் சென்றன என்றார். கற்கும்போது முதலிலே தம் இழப்பையே பேச வேண்டியிருந்ததாம். பேசாதவர் பிறர் பேச்சைத் தாங்கமாட்டார் அன்றோ?

மற்றொன்று, கேட்டதை வெளியே சொல்லாமை. ஊரவரே துணையாளராயிருப்பதில் உள்ள பேரிடர் இதுவென நாம் கருதுகின்றோம். 2005 முதல் 2012 வரை 'கச்சாச்சா' என்னும் ஊர் நீதிமன்றங்கள் நாடெங்கும் நடந்த காலத்தில், கசிந்துவிட்ட ஒரு சொல் ஒருவனைச் சிறைக்கு அனுப்பவும், சொன்னவளைப் பகைக்கு ஆளாக்கவும் வல்லதாயிருந்தது.

படியாதோரிடம் இதனை ஒப்படைக்கலாமா என ஐயுறுவோர் உண்டு. அவர்கட்கு உகண்டாவின் நாக்கிவாலே அகதிகள் குடியேற்றத்தில் நடந்த ஆய்வைக் கூறலாம். அகதிகளிலிருந்தே சிலரைத் தெரிந்து, ஆறு வாரம் பயிற்றி, ருவாண்டா, சோமாலியா நாட்டவரான அகதிகளிடம் அனுப்பினர். 2008இல் வெளியான முடிவின்படி, ஒன்பது மாதங்களின் பின் ஆராய்ந்தபோது, துணை பெற்றோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அந்நோய் நிலையினின்றும் நீங்கியிருந்தனர். பெறாதோருள் அங்ஙனம் நீங்கியோர் பத்துக்கு நால்வர்கூட இல்லை.

வடக்கே பியும்பாவில் 2005இல் தொடங்கி இப்பகுதிக்கும் பரவிய குழுமுறை ஒன்றும் உண்டு. 10 முதல் 15 பேர் வரை வாரம் ஒருமுறையாக 15 வாரங்கள் கூடுவர். கணவனை இழந்தவளும், சிறை மீண்டவனும், சிறையிலிருப்பவனின் மனைவியும் ஒரே வட்டத்தில் அமர்வர். ஊரவரான இருவர் நடத்துவர். மன்னிக்கும்படி எவரையும் வற்புறுத்துவதில்லை.

அத்தகைய கூட்டம் ஒன்றைக் காண விரும்பினோம். அம்மையார் இசையவில்லை. "அவர்கள் உங்களுக்காகப் பேசவில்லை" என்றார். நாணத்துடன் தெருவோரத்திலேயே நின்றோம். தூரத்தே மர நிழலில் வாங்குகள் தெரிந்தன. ஒருவர் மட்டும் தம் வாங்கைச் சற்றுப் பின்னே இழுத்துத் தனியே அமர்ந்திருந்தார்.

"அவரை முன்னே வரச் சொல்லமாட்டீர்களா?"

"வந்திருக்கிறாரே" என்றார் அம்மையார்.

மேற்கே மழை இருட்டியது. ஏப்ரல் மாதத்தில் மழை இரவுகளைத் தனியே கழிக்க அஞ்சும் கிழவி ஒருத்தி மேட்டு வீட்டில் இருப்பதாகவும், பொழுது சாயுமுன் அங்கே செல்லவேண்டுமென்றும் கூறி, குடையை எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.