வழித்துணை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்து வாழும் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இக்கரிசல் மண்ணில் அருவி என்பது அரிய காட்சி. வடகிழக்குப் பருவமழை பொய்க்காமல் பெய்தால்தான், இலாடபுரத்தை ஒட்டிய பச்சைமலைச் சரிவில் மயிலூற்று அருவி விழும். கோடையில் வெறும் பாறையே மிஞ்சும்.

சென்ற நவம்பரில் பங்கு இளைஞர் சிலரோடு அவ்வருவிக்கு நடந்தோம். இறந்தோருக்காகத் திருச்சபை மன்றாடும் மாதம் அது. மனைவியை அடக்கம் செய்து மூன்று மாதமே ஆன பெரியவர் ஒருவரையும் அவர் மகன் அழைத்து வந்திருந்தார். அழையாமலே உடன் வந்தது அவர்கள் வீட்டு நாய்.

கற்களும் முட்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதை. இளைஞர் விரைந்து முன்னேறினர். நாய் அவர்களோடு ஓடும், பின்பு திரும்பி வந்து, தளர்ந்து நடக்கும் பெரியவரைப் பார்க்கும், மறுபடியும் ஓடும். நாம் ஒருமுறை நடந்த வழியை அது பலமுறை நடந்தது. அருவியருகே அவர் பாறையில் அமர்ந்ததும் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

அதன் தலையை வருடியவாறு அவர் சொன்னார்: "அவளை எடுத்த அன்னைக்கும் இது கல்லறை வரைக்கும் வந்துச்சு சாமி. எல்லாரும் திரும்பின பெறகும் அங்கேயே கெடந்துச்சு." மனைவியைக் குறித்து அம்மூன்று மாதங்களில் அவர் நம்மிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

தோபித்து நூல் நம் நினைவுக்கு வந்தது. பார்வையிழந்த தந்தைக்காகத் தோபியா நெடும்பயணம் புறப்படுகிறார். அதிதூதர் இரபேல் வழித்துணையாகிறார்; நாயும் பின்தொடர்கிறது. அதிதூதருக்குப் பணிகள் பல. மருந்தைக் காட்டித் தருகிறார், மணம் கூட்டிவைக்கிறார், கொடுத்துவைத்த பணத்தைப் பெற்று வருகிறார். நாய்க்கோ பெயருமில்லை, பணியுமில்லை. புறப்படும்போதும் திரும்பும்போதும் உடன் வந்தது என்பதே அதன் வரலாறு. நாயைப் பெரும்பாலும் இழிவாகவே பேசும் திருநூலில், இந்த ஒரு நாய் மறக்கப்படவில்லை.

துன்பத்தின் பொருளைக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்றோம். அக்கல்வி தேவையானதே, அதிதூதரின் மருந்து போன்றது அது. ஆனால் மருந்து பயன்படும் நேரம் வரும்வரை யாரேனும் கூட நடக்க வேண்டுமல்லவா? நம் ஊர்களில் முப்பதாம் நாள் திருப்பலியோடு உறவினர் கலைந்துவிடுகின்றனர். அதன் பின்னரே வீடு உண்மையில் வெறுமையாகிறது. "போய் என்ன சொல்வது?" என்று தயங்கியே பலரும் அவ்வாசலை மிதிப்பதில்லை.

முப்பதாம் நாள் கடந்துவிட்ட வீடொன்று நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கும். ஆறுதல் மொழி அறியாதவரும் அங்கே சென்று சற்றுநேரம் அமர்ந்திருக்கலாம். மாலையில் கல்லறைத் தோட்டம் வரை உடன் நடக்கலாம். அதற்கு அதிதூதராக இருக்கவேண்டியதில்லை.